காற்றுத் தரக் குறியீட்டைப் பார்த்தும் ஏமாந்த அனுபவம் உங்களுக்கும் உண்டா?

பதிவைத் தொடங்கியவர்:
என் பையனுக்கு ஒன்பது வயது, ஆஸ்துமா உண்டு. செயலியில் காற்றுத் தரக் குறியீட்டைப் பார்க்காமல் அவனை வெளியே விளையாட விடமாட்டேன். அன்று 95 காட்டியது. 'திருப்திகரம்' என்று பச்சை நிறம். சரி, போய்வா என்றேன். அரை மணி நேரத்தில் திரும்பிவிட்டான். ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் குழிந்து குழிந்து போனது. ஸ்பேசரில் (மருந்தை மெதுவாக இழுக்க உதவும் குழாய்) இன்ஹேலரைச் செருகி, மருத்துவர் எழுதித் தந்த அளவைக் கொடுத்துவிட்டு, அவன் முதுகைத் தடவியபடி உட்கார்ந்திருந்தேன். என் கைதான் அதிகம் நடுங்கியது.

மூச்சு சீரான பிறகு வேறொரு செயலியைத் திறந்தேன். அதே நிலையம், அதே நேரம். ஆனால் 152, சிவப்பு! இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது என்று கோபம் வந்தது. தேடிப் படித்த பிறகுதான் புரிந்தது, இரண்டும் ஒரே காற்றைத்தான் சொல்கின்றன: ஒரு கன மீட்டரில் 57 மைக்ரோகிராம் பிஎம் 2.5, அதாவது காற்றில் மிதக்கும் நுண்துகள்கள். இந்திய அளவுகோலில் 60 மைக்ரோகிராம் ஆனால்தான் குறியீடு 100. அமெரிக்க அளவுகோலில் 35 தொட்டாலே 100 வந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன 24 மணி நேர வரம்போ வெறும் 15. நோய் உள்ளவர்களுக்கு லேசான மூச்சுச் சிரமம் வரலாம் என்ற குறிப்பு அந்தப் பச்சை வகைக்கும் உண்டு. நான் நிறத்தைப் பார்த்ததோடு நின்றுவிட்டேன்.

நுரையீரல் வார்டில் செவிலியர்:
அக்கா, உங்கள் மேல் தப்பில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். பிஎம் 2.5-க்குப் பல இடங்களில் காட்டுவது 24 மணி நேரச் சராசரி. அதிகாலையில் குளிர்ந்த காற்று தரையோடு தங்கிவிட்டால் புகை மேலே போக வழியில்லை. அந்த இரண்டு மணி நேரம் எவ்வளவு மோசமாக இருந்தாலும் சராசரியில் கரைந்துவிடும். மணிக்கு மணி அளவு கிடைத்தால் அதைப் பாருங்கள்.

மாலையில் ஓடுபவர்:
எனக்கு நடந்தது வேறு. வானம் துடைத்துவிட்டதுபோல் நீலமாக இருந்த ஒரு கோடை நாளில், வழக்கத்துக்கு முன்பே பிற்பகலில் ஓடப் போனேன். மூன்றாவது கிலோமீட்டரிலேயே ஆழமாக மூச்சிழுத்தால் நெஞ்சுக்கு நடுவில் எரிச்சல், கூடவே வறட்டு இருமல். குறியீட்டை விரித்துப் பார்த்தால் அன்றைய எண்ணைத் தூக்கியது தூசி இல்லை, ஓசோன். குறியீடு எல்லா மாசுகளின் கூட்டுத்தொகை இல்லை, சராசரியும் இல்லை. எது மிக மோசமோ அதன் எண்ணைத்தான் காட்டுகிறது. வாகனப் புகையில் வெயில் பட்டு உருவாவதால் தரைமட்ட ஓசோன் பிற்பகலில்தான் உச்சத்துக்குப் போகும். என்95 முகக்கவசம் துகள்களைத் தடுக்கும், இந்த வாயுவைத் தடுக்காது. இப்போது ஓசோன் ஏறும் நாட்களில் காலையிலேயே ஓடிவிடுகிறேன்.

இதய நோயாளியின் மகள்:
அப்பாவுக்கு இருமலே வராது. அதனால் காற்று மாசு அவரைத் தொடாது என்று நினைத்திருந்தோம். மாசு அதிகமாக இருந்த ஒரு வாரத்தில் நெஞ்சு வலி வந்தது. அதனால்தான் வந்தது என்று மருத்துவர் சொல்லவில்லை. ஆனால், "இனி குறியீட்டைப் பார்க்க வேண்டிய ஆள் நீங்களும்தான்" என்றார். பிஎம் 2.5 துகள் தலைமுடியின் பருமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. நுரையீரலின் காற்றுப்பைகள் வரை போய், மிக நுண்ணியவை ரத்தத்திலும் கலக்கும். மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் அது காரணமாகிறது. இருமலை மட்டுமே அடையாளமாக வைத்திருந்தது எங்கள் பிழை.

பதிவைத் தொடங்கியவர்:
எல்லோருக்கும் நன்றி. இப்போது நிறத்தை விட்டுவிட்டு, எந்த மாசு, எத்தனை மைக்ரோகிராம், எந்த மணி என்று பார்க்கிறேன். பையனின் பள்ளிப் பையில் இரண்டாவது இன்ஹேலர் வைத்தாயிற்று. எப்போது கொடுக்க வேண்டும் என்று அவன் விளையாட்டு ஆசிரியருக்கும் நேற்று செய்து காட்டினேன்.