லண்டன் சிஸ்டம் ஆடினால் கோழையா?

லாஸ்பேட்டைக்காரன்: நேற்று ஒரு மேதாவி இங்கே எழுதியிருக்கிறார்: வெள்ளைக் காயில் கிங்ஸ் கேம்பிட் (இரண்டாம் நகர்த்தலிலேயே எஃப்4 கட்டத்துக்குச் சிப்பாயைத் தள்ளிப் பலி கொடுக்கும் தொடக்கம்) ஆடாதவன் செஸ்ஸே ஆடவில்லையாம், லண்டன் சிஸ்டம் என்ற நிதானமான தொடக்கம் ரிட்டயர்டு ஆட்களுக்காம். 2023 உலகச் சாம்பியன் போட்டி 6ஆம் ஆட்டத்தில் டிங் லிரென் லண்டன் ஆடித்தான் நெபோம்னியாச்சியைச் சாய்த்தார். அவரும் ரிட்டயர்டா? உங்கள் கேம்பிட்டை அமெரிக்க மேதை பாபி ஃபிஷர் 1961லேயே கட்டுரை எழுதிப் புதைத்தாயிற்று.

தேவனாம்பட்டினத்தான்: எழுதியது நான்தான், பெயர் சொல்லப் பயமா? உங்கள் லண்டனில் என்ன இருக்கிறது? டி4, பிஷப் எஃப்4, ஈ3, சி3. கறுப்பு என்ன செய்தாலும் தினம் அதே வாசல் கோலம். சோவியத் வீரர் ஸ்பாஸ்கியிடம் 1960இல் இதே கேம்பிட்டில் தோற்ற எரிச்சலில் ஃபிஷர் எழுதினது அது. அப்புறம் 1963-64 அமெரிக்கச் சாம்பியன்ஷிப்பில் அவரே எவன்ஸுக்கு எதிராக எஃப்4 தள்ளி ஜெயித்தார்!

லாஸ்பேட்டைக்காரன்: அதில் மூன்றாவது நகர்த்தல் பிஷப் சி4. கட்டுரையில் கிழித்தது குதிரை எஃப்3. இரண்டும் ஒன்றா?

தேவனாம்பட்டினத்தான்: எஃப்4 தள்ளினாரா இல்லையா?

லாஸ்பேட்டைக்காரன்: பிஷப் சி4!

மஞ்சக்குப்பம் வாத்தியார்: பிஷப் சி4 என்றால் ராணி ஹெச்4இல் செக் வைக்கும், ராஜா எஃப்1க்கு நகரணும், கேஸ்லிங் (ராஜாவை யானையோடு சேர்த்துப் பத்திரமாக ஒதுக்கும் நகர்த்தல்) போச்சு. ஆனால் அடுத்துக் குதிரை எஃப்3 வந்து அந்த ராணியையே விரட்டும். அது சரி, டி4, சி4 என்று தள்ளும் குயின்ஸ் கேம்பிட்டும் கேம்பிட்தானே, அது எந்தப் பக்கம் சேரும்?

தேவனாம்பட்டினத்தான்: அது கிடக்கட்டும் சார். எஃப்4 தள்ளினாரா இல்லையா? அதற்குப் பதில் வராது. பாண்டி ஆட்களே இப்படித்தான். எங்கள் கடலூர்ப் போட்டிக்கு வந்து டீ ஆறிப்போச்சு என்று நடுவரிடம் புகார் கொடுத்தவர்கள்.

லாஸ்பேட்டைக்காரன்: டீயா அது? அதைவிட, என்னிடம் இரவல் வாங்கின செஸ் கடிகாரம் எங்கே?

தேவனாம்பட்டினத்தான்: பேச்சை மாற்றாதீர். சிப்பாயைக் கொடுத்து ஆடத் தைரியம் வேண்டும். எஃப்4 தள்ளினார், ஜெயித்தார், அந்தப் போட்டியில் 11க்கு 11 எடுத்தார்.

புதுச்சிப்பாய்: அண்ணே, நான் ஆரம்ப ஆட்டக்காரன். எதைக் கற்றுக்கொள்ளலாம்?

லாஸ்பேட்டைக்காரன்: தம்பி, கொஞ்சம் இரு. பிஷப் சி4 என்று அவர் ஒத்துக்கொள்ளட்டும்.

தேவனாம்பட்டினத்தான்: ஞாயிறு மாலை சில்வர் பீச்சுக்கு வாரும். 5 நிமிட பிளிட்ஸ். வெள்ளை எனக்கு.

லாஸ்பேட்டைக்காரன்: வெள்ளை உமக்கா? அப்புறம் நான் லண்டனை எப்படி ஆடுவது? கடிகாரத்தோடு வாரும், டாஸ் போடலாம்.

தேவனாம்பட்டினத்தான்: டாஸெல்லாம் கிடையாது. எங்கள் ஊர், எங்கள் பீச்.