பென்சில்வேனியா செஸ்டர் கவுன்ட்டில 1880-கள்ல கட்டுன வீடா, 2001 ஸ்டக்கோ வீடா? குழம்பி நிக்கிறோம்

மல்லிகா_எக்ஸ்டன்:
வணக்கம் மக்களே. எக்ஸ்டன்ல ஆறு வருஷமா அபார்ட்மென்ட் வாடகைல இருக்கோம், போதும்னு ஆயிடுச்சு. ரெண்டு வீடு மனசுல நிக்குது, ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே விலை. ஒண்ணு வெஸ்ட் செஸ்டர் பரோக்குள்ளயே (பரோன்னா சின்ன நகராட்சி மாதிரி), 1880-கள்ல கட்டுன செங்கல் ட்வின், நடுச்சுவர் பக்கத்து வீட்டோட பொது. இன்னொண்ணு செஸ்டர் ஸ்பிரிங்ஸ் பக்கம் 2001-ல கட்டுன பெரிய ஸ்டக்கோ வீடு (மரச்சுவத்து மேல சிமென்ட் பூச்சு), ஒரு ஏக்கர், கிணத்துத் தண்ணி, செப்டிக் டேங்க்.

எனக்கு ரெண்டாவதுதான் புடிச்சுது, கிச்சன் மட்டுமே எங்க இப்போதைய ஹால் அளவு. வீட்டுக்காரருக்கு முதல் வீடுதான். இந்த ஊரு வரலாறுன்னா அவருக்கு பைத்தியம், 1682-ல வில்லியம் பென் ஏற்படுத்துன முதல் மூணு கவுன்ட்டில இது ஒண்ணு, 1777-ல வாஷிங்டன் பிராண்டிவைன்ல தோத்தது இங்கதான்னு ஒவ்வொரு சனிக்கிழமையும் ரோட்டோரம் ஒரு நீலப் பலகை முன்னாடி வண்டிய நிறுத்தி பசங்கள படிக்கச் சொல்வார். பலகைய படிக்கலாம், அதுக்குள்ள குடியிருக்க முடியுமாங்க? பழைய வீடுன்னா செலவு இழுத்துக்கிட்டே போகும்னு எல்லாரும் பயமுறுத்துறாங்க. மாமியார் வேற வருஷத்துல ஆறு மாசம் வந்து இருப்பாங்க.

பரோ_பழசு:
நான் பரோக்குள்ள இதே மாதிரி ஒரு ட்வின்ல ஒன்பது வருஷமா இருக்கேன் அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன் மன்னிச்சுக்கங்க. முதல்ல கேக்க வேண்டியது வீடு லோக்கல் ஹிஸ்டாரிக் டிஸ்ட்ரிக்ட்டுக்குள்ள வருதான்னு. நேஷனல் ரெஜிஸ்டர்ங்கற மத்திய அரசோட வரலாற்றுக் கட்டடப் பட்டியல்ல பேர் இருந்தா மட்டும் சொந்தப் பணத்துல நீங்க என்ன மாத்துனாலும் யாரும் தடுக்க முடியாது, அது ஒரு கௌரவம் அவ்வளவுதான். ஆனா பரோ போட்ட டிஸ்ட்ரிக்ட்னா பென்சில்வேனியாவோட 1961 சட்டப்படி ஹார்ப்னு ஒரு போர்டு இருக்கும், தெருவுலேர்ந்து கண்ணுக்குத் தெரியுற ஜன்னல், கதவு, வராண்டான்னு எத மாத்துனாலும் அவங்க பார்வைக்கு போய்த்தான் வரணும். உள்ள நீங்க என்ன பண்ணாலும் அவங்களுக்கு கவலை இல்ல. ஆளுங்க கெட்டவங்க இல்ல, ஆனா பிளாஸ்டிக் ஜன்னல் போடலாம்னு கனவு இருந்தா இப்பவே கலைச்சிடுங்க.

அடுத்தது ஒயரிங். பழைய நாப் அண்ட் ட்யூப் (பீங்கான் குமிழ்ல ஓடுற அந்தக்கால ஒயரிங்) எங்கயாவது மிச்சம் இருந்தா இன்சூரன்ஸ்காரங்க முகத்த சுளிப்பாங்க. சீவர் லைனுக்கு கேமரா விட்டுப் பாருங்க, மண்குழாயா இருந்தா மர வேர் உள்ள பூந்திருக்கும். தோட்டத்துல பழைய ஹீட்டிங் ஆயில் டேங்க் புதைச்சு வச்சிருக்காங்களான்னும் கேளுங்க. ரேடியேட்டர் வீட்டுல காத்து போற டக்ட் பெரும்பாலும் இருக்காது, ஏசி வேணும்னா சுவத்துல மாட்டுற மினி ஸ்பிலிட்தான் சுலபம்.

முக்கியமான ஒண்ணு. செங்கலுக்கு நடுவுல இருக்குற சாந்த விரல் நகத்தால சுரண்டிப் பாருங்க. பொடியா உதிர்ந்தா அது பழைய சுண்ணாம்பு, சாம்பல் கலர்ல கல்லு மாதிரி இருந்தா யாரோ நடுவுல சிமென்ட் போட்டு பூசிட்டாங்க. நாங்க வாங்குறப்ப சிமென்ட் பூசுன பகுதி பளிச்சுன்னு இருந்தது, புதுசா பண்ணிருக்காங்கன்னு சந்தோஷப்பட்டோம், ரெண்டு குளிர்காலம் போனதும் அந்த இடத்துல மட்டும் செங்கல் முகம் தட்டுத்தட்டா உரிஞ்சு விழுந்துச்சு. பழைய செங்கல் மெத்துன்னு இருக்கும், ஈரம் சாந்து வழியா வெளிய போகணும், சிமென்ட் அத அடைச்சிடும், உள்ள தண்ணி உறைஞ்சு விரிஞ்சு செங்கலையே ஒடைக்கும். உங்க மாமியார் எந்த ஊருன்னு தெரியல, காரைக்குடிப் பக்கம்னா அவங்களுக்கு இதெல்லாம் சொல்லவே வேணாம்.

ஸ்டக்கோல_சிக்குனவன்:
மல்லிகாக்கா நீங்க தப்பான வீட்டப் பாத்து பயப்படுறீங்க. நான் வாங்குனது 2003 வீடு, இதே கவுன்ட்டி, பில்டர் பேர் வேணாம். வெளிய பாத்தா கல்யாண மண்டபம் மாதிரி இருக்கும். ஒருநாள் ஜன்னலுக்கு கீழ கார்பெட் ஈரமா இருக்கேன்னு பெயின்ட்டர கூப்பிட்டேன், அவர் ஸ்க்ரூடிரைவர சுவத்துல வச்சு லேசா அழுத்துனார், கேக்குல கத்தி எறங்குற மாதிரி கைப்பிடி வரைக்கும் போயிடுச்சு.

1990-கள்லயும் 2000-கள் ஆரம்பத்துலயும் இங்க கட்டுன ஏகப்பட்ட ஸ்டக்கோ வீட்டுல இதே கததான். ஜன்னல் ஓரம் தண்ணி உள்ள போகாம தடுக்குற ஃபிளாஷிங் தகடு சரியா போடாம விட்டிருப்பாங்க, மழைத்தண்ணி பின்னாடி இருக்குற மரப்பலகைக்கு போயிடும், காய வழி இல்ல, வருஷக்கணக்கா அழுகும். எனக்கு வந்த கோட்டேஷன் லட்சம் டாலர தாண்டுச்சு. இன்சூரன்ஸ் கைவிரிச்சிட்டாங்க. பில்டர் மேல கேஸ் போடலாம்னா பென்சில்வேனியாவுல கட்டி முடிச்சு 12 வருஷம் தாண்டுனா பெரும்பாலும் கதவு மூடிடும், உங்க வீடு 2001, கணக்கு நீங்களே போட்டுக்கங்க.

சாதாரண இன்ஸ்பெக்‌ஷன்ல இது தெரியாது. ஒவ்வொரு ஜன்னலுக்கு கீழயும் சின்ன ஓட்ட போட்டு ஈரம் அளக்குற டெஸ்ட் தனியா இருக்கு, அதுக்கு ஓனர் சம்மதம் வேணும். சம்மதிக்கலன்னா அதுவே பதில்.

வரி_வாத்தியார்:
செஸ்டர் ஸ்பிரிங்ஸ்ங்கறது வெறும் தபால் முகவரி. அந்த முகவரியிலயே சில வீடு டவுனிங்டவுன் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட், சில வீடு ஓவன் ஜே ராபர்ட்ஸ். எந்த டவுன்ஷிப்னு பாருங்க, ஏஜென்ட் வாய்ச்சொல்ல நம்பாதீங்க.

வீடு கைமாறும்போது கட்டுற டிரான்ஸ்ஃபர் டாக்ஸ் மாநிலத்துக்கு 1%, லோக்கலுக்கு 1%, வழக்கமா வாங்குறவரும் விக்கிறவரும் பாதிப்பாதி. 6 லட்சம் டாலர் வீடுன்னா உங்க பங்கு 6,000, இத மறந்துட்டு செட்டில்மென்ட் அன்னிக்கு முழிச்சவங்க நிறைய. பிராப்பர்ட்டி டாக்ஸ்ல பெரும்பங்கு ஸ்கூலுக்குத்தான் போகும், அந்த பில் ஜூலைல வரும், ரெண்டு மாசத்துக்குள்ள கட்டுனா 2% தள்ளுபடி. பேப்பர்ல அசெஸ்மென்ட் தொகை ரொம்ப கம்மியா இருக்கேன்னு பதறாதீங்க, கவுன்ட்டி முழுசுக்கும் கடைசியா மதிப்பு போட்டது 1990-கள்ல.

அப்புறம் ரேடான், மண்ணுலேர்ந்து வீட்டுக்குள்ள வர்ற கதிரியக்க வாயு. எந்த வீடா இருந்தாலும் டெஸ்ட் பண்ணுங்க, லிட்டர் காத்துக்கு 4 பிகோக்யூரி தாண்டுனா ஃபேன் வச்சு வெளியேத்தணும். 1984-ல பக்கத்து பெர்க்ஸ் கவுன்ட்டில குடியிருந்த ஒரு அணுமின் நிலைய ஊழியர் வேலைக்குப் போன இடத்துல கதிர்வீச்சு அலாரத்த அடிக்க வச்சார், அவர் மேல இருந்தது நிலையத்துல ஒட்டுனது இல்ல, சொந்த வீட்டுலேர்ந்து வந்த ரேடான். இந்த ஏரியா மண்ணே அப்படி.

மல்லிகா_எக்ஸ்டன்:
ஐயோ ஸ்டக்கோ விஷயம் யாருமே சொல்லல, ஏஜென்ட் உட்பட. மாமியார் தேவகோட்டைதாங்க, சுண்ணாம்பு சாந்துன்னு படிச்சுக் காட்டுனதுமே முட்ட வெள்ளக்கரு போட்டு பூசுனாங்களான்னு கேக்குறாங்க 😄 இன்னொரு சந்தேகம், பழைய வீட்டு கிச்சன்ல தாளிச்சா புகை எங்க போகும்? இப்ப இருக்குற ஹூட் சும்மா மூஞ்சிலயே திருப்பி ஊதுது.

பரோ_பழசு:
முட்டையெல்லாம் இங்க இல்லீங்க, சுண்ணாம்பும் மணலும்தான். எங்க வீட்டுலயும் ஹூட் அப்படித்தான் இருந்துச்சு, வத்தக்குழம்பு வச்சா மூணு நாளைக்கு கோட்டெல்லாம் வத்தக்குழம்பு. சமையலறை பின்பக்கம் தள்ளி நீட்டிக் கட்டுன பகுதில இருக்கும், தெருவுக்குத் தெரியாது, அதனால பின்சுவர்ல வட்டமா ஓட்ட போட்டு வெளிய விட்டோம். செங்கல் சுவர் நல்ல கனம், வட்டமா துளை போடுற கோர் டிரில் காரர் பாதி நாள் நின்னார். பர்மிட் மட்டும் பரோ ஆபீஸ்ல முன்னாடியே கேட்டுக்கங்க. மாமியாருக்கு படிக்கட்டு யோசிங்க, இந்த வீடுகள்ல செங்குத்தா இருக்கும், கீழ பாத்ரூம் இருக்கான்னு பாருங்க.

மல்லிகா_எக்ஸ்டன்:
கீழ பாத்ரூம் இல்ல. ஆனா பின்கட்டுல பழைய பேன்ட்ரி ஒண்ணு இருக்கு, பைப் பக்கத்துலயே, பிளம்பர கூட்டிட்டுப் போய் கேக்கணும். சனிக்கிழமை காலைல ரெண்டாவது தடவ பாக்கப் போறோம். டார்ச், டேப் எல்லாம் எடுத்து வச்சாச்சு, நகம் வெட்டாம வச்சிருக்கேன். வழியில எந்த நீலப் பலகைக்கும் நிறுத்தக்கூடாதுன்னு சொல்லிட்டேன், சரின்னுதான் சொல்லிருக்கார்.