மறு: மரபணு அறிக்கையின் நடு வகுப்புக்கு ஒரு சொல்

அன்பர்களுக்கு வணக்கம்.

மரபணுச் சோதனையில் தென்படும் ஒரு மாறுபாடு நோய்க்குக் காரணமாகுமா ஆகாதா என்று சொல்லப் போதிய சான்று இல்லாதபோது, அதை ஆங்கிலத்தில் variant of uncertain significance என்கிறார்கள். அதைத் தமிழில் ‘ஐயத்திற்குரிய மாறுபாடு’ என்று அழைக்கலாம் என்ற முன்மொழிவை ஏற்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஐயத்திற்குரியது என்றாலே பாதிக் குற்றவாளி என்றாகிவிடுகிறது. அறிக்கை அப்படிச் சொல்லவில்லை. அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரியும் மூலக்கூறு நோயியல் சங்கமும் 2015இல் வகுத்த ஐந்து வகுப்புகளில் தீங்குள்ளது, பெரும்பாலும் தீங்குள்ளது என இரண்டு ஒரு பக்கம். தீங்கற்றது, பெரும்பாலும் தீங்கற்றது என இரண்டு மறுபக்கம். ‘பெரும்பாலும்’ என்று போடவே 90 விழுக்காட்டுக்கு மேல் உறுதி வேண்டும். எந்தப் பக்கமும் அந்த அளவை எட்டாதவை நடுவில் நிற்கின்றன.

மார்பக, சினைப்பைப் புற்றுநோய் ஆபத்தோடு தொடர்புடைய பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 (BRCA1, BRCA2) போன்ற மரபணுக்களில், புரதத்தின் ஒரே ஓர் அமினோ அமிலத்தை மட்டும் மாற்றும் மாறுபாடுகள்தாம் இந்த நடு வகுப்பில் மிகுதி. புரதம் வேலை செய்யுமா என்பதை வரிசையைப் பார்த்து மட்டும் சொல்ல முடிவதில்லை. சோதிக்கும் மரபணுக்கள் கூடக்கூட இவையும் கூடும். தரவுத்தளங்களில் குறைவாக இடம்பெற்ற மக்களுக்கு இன்னும் அதிகம் வரும்: அவர்களிடையே சாதாரணமாக உள்ள மாறுபாடுகூட, பதிவு இல்லாததால் அரிதாகத் தோன்றி, தீங்கற்றது என்று சொல்ல முடியாமல் நடுவிலேயே நின்றுவிடும். பின்னர் மறுவகைப்படுத்தப்படுபவற்றில் பெரும்பாலானவை தீங்கற்ற பக்கமே போகின்றன.

ஆங்கிலப் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்த ‘நிச்சயமற்ற முக்கியத்துவம் கொண்ட மாறுபாடு’ இன்னும் மோசம். முக்கியத்துவம் என்ற சொல் கண்ணில் பட்டதும் ஏதோ பெரிதாக இருக்கிறது என்றே படிப்பார்கள். மார்பகத்தையோ சினைப்பையையோ தேவையின்றி அகற்றிக்கொள்ளும் முடிவுக்கு ஒரு சொல் துணைபோகக் கூடாது.

என் பரிந்துரை: விளைவு தெளியா மாறுபாடு.

---

‘தெளியா’ ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், காலம் காட்டாது. என்றைக்குமே தெளியாது என்றும் படிக்கலாமே, ஐயா? சான்று சேர்ந்தால் வகுப்பு மாறும் என்பதுதான் அறிக்கை பெற்றவர் தெரிந்துகொள்ள வேண்டியது. ‘விளைவு இன்னும் தெளியாத மாறுபாடு’ என்று விரிக்கலாம். அதைவிட முதன்மையானது: இப்படி ஓர் அறிக்கையைக் கையில் வாங்கியவர்களையும் அவர்களுடைய உடன்பிறந்தவர்களையும் கேட்காமல் நாம் முடிவு செய்வது சரியல்ல. அச்சுக்குப் போகும்முன் ஒப்புதல் வாங்குவதை நான் பங்கேற்பு என்று சொல்லமாட்டேன். சொற்பட்டியல் இடும்போதே அவர்கள் இருக்க வேண்டும்.

---

‘இன்னும்’ வேண்டும், ஏற்கிறேன். அட்டவணைத் தலைப்பில் குறுகிய வடிவம் இருக்கட்டும். நோயாளிக்கான வாக்கியத்தில் முழு வடிவமே வரட்டும்.

கேட்கும் முறை பற்றி: ‘இந்தச் சொல் பிடித்திருக்கிறதா?’ என்று கேட்டால் பயனில்லை. அறிக்கையின் ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, அதன்படி என்ன செய்வீர்கள் என்று கேட்க வேண்டும். கேள்விகளும் வர வேண்டிய விடைகளும் இவை. இதை வைத்து அறுவை சிகிச்சை செய்துகொள்வீர்களா? கூடாது, கண்காணிப்பு முறையைக் குடும்ப வரலாறும் மற்ற காரணிகளும் தீர்மானிக்கும். அப்படியானால் ஆபத்தே இல்லையா? அதுவும் இல்லை, குடும்பத்தில் பலருக்குப் புற்றுநோய் வந்திருந்தால் அந்த ஆபத்து அப்படியே நிற்கிறது. தங்கை தன் ஆபத்தை அறிய இதே மாறுபாட்டுக்குச் சோதனை செய்ய வேண்டுமா? வேண்டாம்.

மூன்றாவது கேள்வியில்தான் குழப்பம் வரும். நோய் வந்த உறவினர்களிடம் அந்த மாறுபாடும் சேர்ந்தே இருக்கிறதா என்று பார்க்க ஆய்வகம் குருதி கேட்கலாம். அது வகைப்படுத்தலுக்கான சான்று சேர்ப்பு, அவர்களின் ஆபத்தைக் கணிப்பதன்று. இரண்டுக்கும் ஒரே ‘குடும்பச் சோதனை’ என்ற பெயர் ஓடுகிறது. சான்று சேர்ப்பதை ‘உடன்வரவு ஆய்வு’ என்று பிரிக்கலாம் என்பது என் எண்ணம். ஐந்து வகுப்புகளுக்கும் ‘மாறுபாடு’ என்றே வைப்போம். ‘பிறழ்வு’ (mutation) என்ற சொல் இந்த வரிசையில் எங்கும் வேண்டாம்.