மறுமொழி: நுவார் கதைகளுக்குத் தமிழில் என்ன பெயர்? என் பரிந்துரை 'மைப்புனைவு'

நண்பர்களுக்கு வணக்கம்.

இந்த இழையில் வந்த மடல்களை எல்லாம் ஒருசேரப் படித்துவிட்டு எழுதுகிறேன். சற்று நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சொல் நமக்கு எதற்கு என்பதை முதலில் நினைவுபடுத்திக்கொள்வோம். நாம் அகராதி போடக் கிளம்பவில்லை. தாமே எழுதித் தாமே வெளியிடுகிறவர்களின் குற்றக்கதைகளைத் தேடிப் படித்து, நல்லவற்றை மற்றவர்களுக்குச் சொல்ல ஒரு பட்டியல் வைத்திருக்கிறோம். அதில் இப்போது துப்பறியும் கதை, மர்மம், திகில், க்ரைம் என்று நான்கு வகைகள். நுவார் (noir) என்று சொல்லத்தக்க கதைகள், அதாவது ஒருவர் தெரிந்தே தவறான முடிவுகளை எடுத்துக் குற்றத்துக்குள் இறங்கிக்கொண்டே போகும் கதைகள், இந்த நான்கிலும் சிதறிக் கிடக்கின்றன. திகில் என்று நம்பி எடுத்தவர், பேயே வரவில்லை என்று ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டுப் போகிறார். துப்பறியும் கதை என்று எடுத்தவர், கடைசிவரை யாருமே துப்பறியவில்லையே என்கிறார். கதையில் குறை இல்லை, போய்ச் சேர்ந்த வாசகர்தான் வேறு ஆள். பெரிய பதிப்பகத்து நூலுக்கு விளம்பரம், மதிப்புரை, புத்தகக் காட்சி அரங்கு என்று வேறு வழிகள் உண்டு. அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் தானே ஏற்றிய எழுத்தாளருக்குக் கையில் இருப்பது ஓர் அட்டைப்படம், சில வரிக் குறிப்பு, ஏழு தேடுசொல் கட்டங்கள். அந்தக் கட்டங்களில் ஒன்றில் என்ன சொல்லைப் போடச் சொல்வது என்பதுதான் நம் கேள்வி.

கோவை நண்பர் கேட்டிருந்தார்:

> குற்றப்புனைவு என்று ஒரு சொல் புழக்கத்தில் இருக்கிறதே, அது போதாதா?

போதாது. ஒரே சம்பவத்தை மூன்று விதமாகச் சொல்லிப் பார்ப்போம். ஈரோட்டில் ஒரு சீட்டுக் கம்பெனி. கல்லாவில் நாற்பதாயிரம் குறைகிறது. யார் எடுத்தது என்று ஒருவர் விசாரித்துக்கொண்டே வந்து கடைசி அத்தியாயத்தில் ஆளைக் காட்டினால் அது துப்பறியும் கதை. எடுத்தவன் யாரென்று முதலிலேயே தெரிந்து, அவன் ஓட, போலீஸ் துரத்த, அந்த ஓட்டமே கதையானால் குற்றப்புனைவு என்று சொல்லி நிறுத்திக்கொள்ளலாம்.

நுவாரில் கம்பெனியின் கணக்குப்பிள்ளைதான் எல்லாம். தங்கை கல்யாணத்துக்கு நகைக்கடையில் பாக்கி. வெள்ளிக்கிழமை வசூல் வந்ததும் வைத்துவிடலாம் என்று எடுக்கிறார். வெள்ளிக்கிழமை வசூலும் வருகிறது. பேரேட்டைப் புரட்டும்போது, முதலாளியின் மைத்துனர் மாதக்கணக்கில் இதைவிடப் பெரிதாகச் சுருட்டியிருப்பது கண்ணில் படுகிறது. சொன்னால் தன் நாற்பதாயிரமும் வெளியே வரும். சொல்லாமல் இருக்க மைத்துனர் ஒரு கவரை மேசைக்கு அடியில் நீட்டுகிறார். இவர் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வழக்கம்போல வட்டிக் கணக்கைப் போடத் தொடங்குகிறார். அதற்கப்புறம் கதை இறங்கிக்கொண்டே போகும். ஒவ்வொரு இடத்திலும் தப்பிக்க ஒரு வழி இருக்கும், ஒவ்வொரு இடத்திலும் அவரே அதை விட்டுவிடுவார். போலீஸ் வரலாம், வராமலும் போகலாம். கடைசியில் நல்லவர் யார் கெட்டவர் யார் என்று நமக்குப் பிரித்துக் கொடுக்க அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

இந்த மூன்றாவது வகையைத் தமிழில் இப்போது நன்றாக எழுதுகிறார்கள். வட்டிக்கடை, மணல் லாரி, ரியல் எஸ்டேட் தரகு, கல்லூரி நிர்வாகக் கோட்டா என்று நமக்குத் தெரிந்த இடங்களில் வைத்தே எழுதுகிறார்கள். அவர்களைத் தேடி எடுக்கத்தான் ஒரு சொல் இல்லை.

ஒரு பெயர் இந்த வகை எழுத்துக்கு என்ன செய்யும் என்பதற்குச் சான்று இருக்கிறது. 1945இல் பாரிசின் கலிமார் பதிப்பகம், மார்செல் துயமேல் பொறுப்பில் 'செரி நுவார்' என்ற நூல்வரிசையைத் தொடங்கியது. கறுப்பு வரிசை என்று பொருள். பெரும்பாலும் அமெரிக்க, ஆங்கிலேயக் குற்றக்கதைகளின் பிரெஞ்சு மொழிபெயர்ப்புகள். அடுத்த ஆண்டே நினோ ஃப்ராங்க் என்ற விமர்சகர், போர் முடிந்தபின் பாரிசுக்கு மொத்தமாக வந்திறங்கிய அமெரிக்கப் படங்கள் சிலவற்றை அதே சொல்லால் குறிப்பிட்டார். எழுதியவர்கள் பெரும்பாலும் அமெரிக்கர்களும் ஆங்கிலேயர்களும், பெயர் வைத்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். இத்தாலியில் இதைவிட வெளிப்படை. மொண்டடோரி பதிப்பகம் 1929 முதல் இத்தகைய கதைகளை மஞ்சள் அட்டையில் போட்டதால், மஞ்சள் என்று பொருள்படும் 'ஜாலோ'வே அங்கே துப்பறியும் கதைக்குப் பெயர். நிறத்தை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்கும் இதுவே சான்று. தமிழில் மஞ்சள் என்றால் எந்தப் பத்திரிகை ஞாபகம் வரும் என்று உங்களுக்கே தெரியும்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது அமெரிக்கக் குற்றநாவல் எழுத்தாளர் ஜிம் தாம்சனுக்கு நேர்ந்தது. 1977இல் அவர் இறந்தபோது அமெரிக்காவில் அவருடைய நாவல் ஒன்றுகூட அச்சில் இல்லை. 1984இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் பேரி கிஃபர்ட் 'பிளாக் லிசர்ட்' என்ற சிறிய நூல்வரிசையைத் தொடங்கி, தாம்சனையும் அவர் போல மறக்கப்பட்டவர்களையும் ஒரே முத்திரையின்கீழ் மறுபடி கொண்டுவந்தார். எழுத்தாளர் பெயர் தெரியாவிட்டாலும், முத்திரையைப் பார்த்து அடுத்ததை வாங்க ஒரு வழி பிறந்தது. 1990இல் ராண்டம் ஹவுஸ் அந்த வரிசையை வாங்கிக்கொண்டது. பிறகு 2004இல் அகாஷிக் என்ற நியூயார்க் சிறுபதிப்பகம் புரூக்ளினை வைத்து ஒரு நுவார் தொகுப்பு போட்டது. ஒவ்வொரு கதையும் ஊரின் ஒரு பேட்டையில் நடக்கும். ஊருக்கு ஒன்றாக அது வளர்ந்து நூறைத் தாண்டிவிட்டது. தில்லிக்கும் மும்பைக்கும்கூட வந்தன. புதியவர்கள் பலரை வாசகர்கள் அந்தத் தொகுப்புகளில்தான் கண்டுகொண்டார்கள். நம் பட்டியலுக்கு நான் மனத்தில் வைத்திருக்கும் முன்மாதிரி இவை இரண்டும்தான்.

இனிச் சொற்களுக்கு வருகிறேன்.

'நுவார்' என்றே வைத்துக்கொள்ளலாம் என்று நான்கைந்து பேர் சொல்கிறீர்கள். பேச்சில் இருக்கட்டும், எனக்கு மறுப்பில்லை. தேடுசொல்லாக அது உதவவில்லை. நுவார், நுவா, நாய்ர், நோயர் என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். 'நோயர்' மருத்துவத் தமிழில் நோயாளியைக் குறிக்கும் சொல். ஒரு வடிவத்தில் தேடினால் மற்றவை கிடைப்பதில்லை.

'கறுப்புப் புனைவு' நேரடியான சொல். எனக்கு அதில் கடுமையான மறுப்பு உண்டு. கறுப்பிலக்கியம் என்றால் தமிழில் ஏற்கெனவே ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் இலக்கியம் என்று பொருள் நிலைத்திருக்கிறது. பக்கத்திலேயே கறுப்புப் புனைவு என்று வைத்தால் குழப்பம் மட்டுமல்ல, ஒரு மக்களின் அடையாளத்தைக் குற்றத்தோடு சேர்த்துவைத்த பழியும் வரும். அதை நாம் செய்யக் கூடாது.

'கரும்புனைவு' இலக்கணப்படி சரிதான். ஆனால் கண் முதலில் படிப்பது 'கரும்பு' என்றுதான். 'இருட்புனைவு' ஒலி நன்றாக இருக்கிறது, பேய்க்கதை என்றே எல்லாரும் எடுத்துக்கொள்வார்கள், பழையபடி ஒற்றை நட்சத்திரம்தான். 'நிழற்புனைவு' சொன்னவருக்கு: நாளிதழ்கள் 'நிழல் உலக தாதா' என்று எழுதி எழுதி அந்தச் சொல்லைக் கும்பல் கதைகளுக்குக் கொடுத்துவிட்டன. நம் கணக்குப்பிள்ளை தாதா இல்லை.

மதுரை ஐயா எழுதியதை நெடுநேரம் யோசித்தேன்:

> 'ஊழ்வினை உருத்துவந்து ஊட்டும்' என்று சிலம்பு சொன்னதைவிடவா நுவாருக்கு விளக்கம் வேண்டும்? ஊழ்ப்புனைவு என்று வையுங்கள்.

ஐயா, இந்த இழையிலேயே எனக்குப் பிடித்த மடல் உங்களுடையது. ஆனாலும் கோவலன் திருடவில்லை. திருடாதவன் மாட்டிக்கொண்டு அழிவது வேறு வகைத் துயரம். சிலம்பில் நுவார் இருக்கிற இடம் பொற்கொல்லன் பக்கம் என்று எனக்குப் படுகிறது. அரசியின் சிலம்பை ஏற்கெனவே திருடிவிட்டு, எப்போது தெரிந்துவிடுமோ என்று இருப்பவன் முன்னால், அதே போன்ற சிலம்போடு ஊருக்குப் புதியவன் ஒருவன் வந்து நிற்கிறான். அந்த நொடியில் அவனுக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஊழ் என்று பெயர் வைத்தால் அந்த இரண்டாவது வழி மறைந்துவிடுகிறது. அவன் தெரிந்தே எடுத்த முடிவுதான் நுவாரின் உயிர். அதனால்தான் ஊழ்ப்புனைவை ஏற்கத் தயங்குகிறேன். யாராவது பொற்கொல்லன் கதையை அவன் பக்கமிருந்து எழுதினால் நம் பட்டியலில் முதலில் சேர்ப்பேன்.

என் பரிந்துரை 'மைப்புனைவு'.

மை என்றால் கருநிறம், இருள். மையிருட்டு என்று இன்றும் எழுதுகிறோம், சொல்கிறோம். பழந்தமிழில் மைக்குக் குற்றம், களங்கம் என்றும் பொருள். மாசற்றதை 'மையறு', 'மைதீர்' என்று அடைகொடுத்துப் பாடியது அதனால்தான். நிறமும் குற்றமும் ஒரே எழுத்தில் நிற்கின்றன. எழுதும் மையும் அதுதான். இன்னொன்றும் உண்டு: வீட்டில் களவு போனால் வெற்றிலையில் மை தடவித் திருடனைப் பார்த்துச் சொல்பவரிடம் போகும் வழக்கம் நம் ஊர்களில் இருந்தது, முழுக்க மறைந்தும் போய்விடவில்லை.

சென்னைத் தோழி உடனே எழுதினார்:

> குற்றம் என்ற பொருள் அகராதியோடு சரி. இன்றைக்கு மை என்றால் கண்மை, பேனா மை, ஓட்டுப்போட்டால் விரலில் வைக்கும் மை.

உண்மைதான் தோழி. அகராதிப் பொருள் வாசகருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கறுப்பான ஏதோ என்று தோன்றினால் போதும், மிச்சத்தை மூன்று நல்ல கதைகள் செய்துவிடும். வேறொரு பொருளோடு மோதாமல் இருப்பதுதான் முக்கியம். தேடிப் பார்த்தேன், மைப்புனைவு என்று வேறெதற்கும் யாரும் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை. நம் தேவைக்கு இது பெரிய வசதி.

ஒரு சிக்கலைச் சேலத்து நண்பர் சரியாகப் பிடித்தார். பெருமை, இளமை என்று வரும் 'மை' விகுதியோடு இது குழம்பும். 'புது' சேர்த்தால் புதுமைப்புனைவு ஆகிவிடும், அது வேறு. ஆகவே முன்னால் அடைமொழி வந்தால் இடம் விட்டே எழுதுவோம்: சென்னை மைப்புனைவு, நவ மைப்புனைவு. சுருக்கமாக இருக்கட்டும் என்று 'மைக்கதை'யைச் சொன்னவர்கள் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஒலிபெருக்கி மைக்தான் காதில் விழும். 'புனைவு' இருந்தால் சிறுகதை, குறுநாவல், நாவல் மூன்றும் அடங்கும், தாமே வெளியிடுகிறவர்கள் குறுநாவல்தான் அதிகம் எழுதுகிறார்கள் என்பதால் 'நாவல்' என்று முடிப்பது சரிவராது. திரைப்படத்துக்கு மைப்படம் என்று நீட்டலாம், அதைத் திரைப்பட நண்பர்கள் முடிவு செய்யட்டும்.

'இண்டி' எழுத்தாளருக்கு, அதாவது பெரிய பதிப்பகத்தைச் சாராமல் எழுதுகிறவருக்கு, என்ன சொல் என்ற கிளை விவாதத்தில் நான் அதிகம் இறங்கவில்லை. தமிழ்நாட்டில் சுயேச்சை என்றால் தேர்தல்தான் ஞாபகம் வரும். யாழ்ப்பாணத்து நண்பர் சொன்ன 'சுயாதீன எழுத்தாளர்' இலங்கையில் இயல்பாகப் புழங்குகிறது, இங்கும் பலருக்குப் புரிகிறது. அதையே எடுத்துக்கொள்வோம். தாமே வெளியிட்ட நூலுக்குத் தன்பதிப்பு, சிறு நிறுவனத்துக்குச் சிறுபதிப்பகம். இந்த அளவு போதும்.

பரிந்துரை எழுதும் முறையைப் பற்றி ஒரு வார்த்தை. மைப்புனைவு என்று முத்திரை குத்திவிட்டு 'விறுவிறுப்பு, கீழே வைக்க முடியவில்லை' என்று எழுதினால் அந்த எழுத்தாளருக்கு ஒரு பயனும் இல்லை. கதை எந்த ஊரில், எந்தத் தொழிலுக்குள் நடக்கிறது, யார் எதற்கு ஆசைப்பட்டு முதல் அடி வைக்கிறார் என்பதைச் சொல்லுங்கள். முதல் கால்பங்குக்கு அப்பால் நடப்பதைச் சொல்லாதீர்கள். எழுத்துப்பிழை மலிந்திருந்தால் அதையும் மறைக்க வேண்டாம். ஆனால் அதை எழுத்தாளருக்குத் தனிமடலில் முதலில் அனுப்புங்கள், மின்னூலில் திருத்தி மறுபடி ஏற்றுவது எளிது, பலர் மகிழ்ச்சியோடு செய்கிறார்கள். இலவச மாதிரிப் பக்கங்களைப் படித்துவிட்டு மட்டும் யாரும் பரிந்துரைக்க வேண்டாம். இந்த வகைக் கதைக்கு உயிர் கடைசிப் பகுதியில் இருக்கிறது. முக்கால்வாசி நன்றாக இறங்கிவிட்டு, கடைசியில் நேர்மையான இன்ஸ்பெக்டர் ஒருவரை வரவழைத்து எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் கதையைக் குற்றப்புனைவில் சேருங்கள், மைப்புனைவில் வேண்டாம்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் இந்த ஞாயிறு இரவுக்குள் எழுதுங்கள். பெரிய மறுப்பு வராவிட்டால், திங்கள் முதல் பட்டியலில் ஐந்தாவது வகையாக மைப்புனைவைத் திறந்து, நான்கு வகைகளிலும் சிதறிக் கிடப்பவற்றை இடம் மாற்றத் தொடங்குகிறேன். கூட இருந்து படித்துப் பிரிக்க இரண்டு பேர் வேண்டும். நம் குழுவில் உள்ள எழுத்தாளர்கள் உங்கள் நூலின் தேடுசொற்களில் மைப்புனைவு, நுவார் இரண்டையும் இப்போதே சேர்த்துவிடுங்கள். சேர்த்தவர்கள் நூலின் பெயரை இந்த இழையிலேயே தெரிவித்தால், தேடும்போது வருகிறதா என்று நானே பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
ஈரோட்டிலிருந்து