புதுப்பிப்பு: ஸ்கோமர் தீவு வளைக் கணக்கு பாதியாக வந்தது ஏன்

வேல்ஸின் ஸ்கோமர் தீவில், மண்வளையில் கூடு வைக்கும் கடற்பறவையான மாங்ஸ் ஷியர்வாட்டரை எண்ணுகிறோம். வளை வாயில் அதன் பதிவுக் குரலை ஒலிக்கவிட்டு, உள்ளிருந்து வரும் பதில்களை எண்ணினால், வளைக்குள் நுழைக்கும் குழாய் கேமராவில் தெரியும் இணைகளில் பாதிதான் வருகின்றன, ஏன் என்று கேட்டிருந்தேன். உதவியவர்களுக்கு நன்றி, தீர்ந்தது.

ஆண் குரலை மட்டும் வைத்ததுதான் கோளாறு. ஆண் குரலைக் கேட்டு மறுமொழியாகக் கூவுவது பெரும்பாலும் ஆண்தான்; அடைகாப்பதோ இரண்டும் மாறி மாறி. நீங்கள் சொன்னபடி இருபால் குரலும் உள்ள பதிவுக்கு மாறியதும் பதில்கள் கூடின. அப்போதும் சில பறவைகள் வாய் திறக்காது. பறவை இருப்பது உறுதியான வளைகளில் பல நாள் ஒலித்து, பதில் விகிதத்தை அதே தீவில், அதே பருவத்தில் எடுங்கள். வேறு தீவின் எண்ணைக் கடன் வாங்க வேண்டாம். உதாரணமாக, 90 பதில், விகிதம் 0.6 என்றால் 150 இணை.

எதிர்பாராதது சரிவு: 30 பாகைச் சரிவில் உண்மைப் பரப்பு வரைபடப் பரப்பைவிட சுமார் 15 சதவீதம் அதிகம். வளை அடர்த்தியைப் பரப்பால் பெருக்கி மொத்தம் காணும் முன் இதைத் திருத்துங்கள்.