2.4 கிகாஹேர்ட்ஸில் யூஎஸ்பி பேஸ் ஷிஃப்டர்: கொடுக்கும் கோணமும் கிடைக்கும் அவத்தையும் ஒத்துப்போகவில்லை

உவர்மலைவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருகோணமலையில் ஒரு கற்பித்தல் ஆய்வுகூடத்தில் தொழினுட்ப உதவியாளராகப் பணியாற்றுகிறேன். இரண்டு அன்டெனாக்களுக்கு வந்துசேரும் அலைகளின் அவத்தை (phase) வித்தியாசத்தைக் கொண்டு, அலை எத்திசையிலிருந்து வருகிறது என்று கணிக்கும் இரு சனல் ரிசீவர் ஒன்றை எமது மாணவர்கள் அமைத்திருக்கிறார்கள். அதைக் கடற்கரை வெளியில் கொண்டுபோய் வைப்பதற்கு முன் மேசையிலேயே சோதித்துவிட வேண்டும் என்பது நோக்கம்.

அமைப்பு இதுதான். சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து வரும் 2.4 கிகாஹேர்ட்ஸ் சமிக்ஞை ஒரு ஸ்பிளிட்டரில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை நேரே ரிசீவரின் முதலாவது சனலுக்கும், மற்றையது கணினியால் யூஎஸ்பி வழியே இயக்கப்படும், சமிக்ஞையின் அவத்தையை வேண்டிய அளவு நகர்த்தும் 8 பிட் பேஸ் ஷிஃப்டர் ஊடாக இரண்டாவது சனலுக்கும் செல்கின்றன. அன்டெனாக்களுக்கு இடையிலான தூரம் அரை அலைநீளம், அதாவது 6.25 சென்ரிமீற்றர் என்று எடுத்துக்கொண்டால், அவத்தை வித்தியாசம் 180 பாகையை வருகைக்கோணத்தின் சைன் பெறுமானத்தால் பெருக்கக் கிடைப்பது. எனவே 30 பாகையிலிருந்து வரும் அலையைப் போலச் செய்ய ஷிஃப்டரில் 90 பாகை கொடுத்தால் போதும் என்றே எண்ணினோம்.

ஆனால் ஷிஃப்டரில் 0 கொடுக்கும்போது ரிசீவர் 0 காட்டுவதில்லை. 140 பாகையை ஒட்டிய ஏதோவொரு எண்ணைக் காட்டுகிறது. 90 கொடுத்தால் மாற்றம் 84 பாகையளவில்தான் இருக்கிறது. ஆனால் 180 இலிருந்து 270 இற்குச் செல்லும்போது மாற்றம் 90 ஐத் தாண்டிவிடுகிறது. கோணத்தை மாற்றும்போது வீச்சமும் ஏறத்தாழ ஒரு டெசிபெல் ஏறி இறங்குகிறது. காலையில் எடுத்த அளவீடும் பிற்பகலில் எடுத்ததும் பொருந்துவதில்லை. கருவி பழுதா, அல்லது நாங்கள் இயக்கும் முறையில் ஏதேனும் குறையா என்பதை அறிந்தவர்கள் கூறினால் பேருதவியாக இருக்கும்.

---

அலைநீளம் எழுதியது:

நீங்கள் விவரித்தவற்றில் கருவி பழுது என்பதற்கான அடையாளம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. பேஸ் ஷிஃப்டரில் நாம் தட்டெழுதும் கோணம், அதே கருவியின் 0 நிலையுடன் ஒப்பிடும்போது, குறித்த ஒரு மீடிறனில் (frequency), இருபக்கமும் மின்மறுப்பு சரியாக 50 ஓம் இருக்கும்போது கிடைக்க வேண்டிய மாற்றம் மாத்திரமே. இம்மூன்று நிபந்தனைகளில் எது தளர்ந்தாலும் எண் தவறும்.

முதலில் அந்த 140 பாகை. கருவிக்குள்ளேயே சமிக்ஞை கடந்துசெல்ல நேரம் பிடிக்கிறது. அதைக் கருவியுடன் இணைக்கும் கேபிள்களும் மற்றக் கிளையின் கேபிளும் ஒரே நீளத்தில் இருப்பது அரிது. ஒளியின் வேகத்தில் 70 வீதத்தில் சமிக்ஞையைக் கடத்தும் கேபிளில், 2.4 கிகாஹேர்ட்ஸில், ஒரு சென்ரிமீற்றர் நீளமே ஏறத்தாழ 41 பாகைக்குச் சமம். ஒரு மில்லிமீற்றர் வேறுபட்டாலே 4 பாகை போய்விடும். ஆகவே கேபிள்களை வெட்டிச் சமப்படுத்த முயல வேண்டாம். ரிசீவர் 0 காட்டும் வரை ஷிஃப்டரை நகர்த்தி, அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, பின்னர் வேண்டிய ஒவ்வொரு கோணத்துடனும் அதைக் கூட்டிக் கொடுங்கள். அந்த எண் 220 என்றால் 90 பாகைக்கு 310 கொடுக்க வேண்டும். 180 பாகைக்கு 400 வரும், அதிலிருந்து 360 ஐக் கழித்து 40 கொடுக்க வேண்டும். இதை மாணவர்கள் எழுதும் நிரலே செய்துகொள்ளட்டும், கையால் கணக்கிட்டால் எங்கேனும் பிசகும்.

இரண்டாவது, வேலை மீடிறன். இத்தகைய கருவிகள் பலவற்றின் நினைவகத்தில் மீடிறனுக்கு மீடிறன் வெவ்வேறு அளவுதிருத்த அட்டவணைகள் இருக்கின்றன. வழியாகச் செல்லும் சமிக்ஞையின் மீடிறனைக் கருவி தானாக அறிந்துகொள்வதில்லை. நாம்தான் சொல்ல வேண்டும். 3 கிகாஹேர்ட்ஸுக்கு உரிய அட்டவணையை வைத்துக்கொண்டு 2.4 இல் 90 பாகை கேட்டால், 84 கிடைத்ததே பெரிய விடயம். எனவே முதலில் மீடிறன் கட்டளை, அதன் பின்னரே கோணக் கட்டளை. மீடிறனை மாற்றியதும் பழைய கோணத்தைப் புதிய அட்டவணைப்படி தாமாக மீண்டும் நிறுவிக்கொள்ளாத கருவிகளும் உள்ளன என்பதால், கோணத்தை இன்னொரு முறை அனுப்பிவிடுவது பாதுகாப்பானது.

படியின் அளவையும் மறக்க வேண்டாம். 8 பிட் என்றால் 256 நிலைகள்; ஒரு படி 1.40625 பாகை. 45 பாகையும் 90 பாகையும் முழுப் படிகளில் அமையும், 30 பாகை அமையாது. 21 படிகளில் 29.53 பாகையே கிடைக்கும். அனுப்பிய எண்ணை நம்பிக் கணக்கிடாமல், கருவியிடமே தற்போதைய கோணத்தைக் கேட்டுப் பெறும் கட்டளை இருப்பின் அந்த எண்ணைப் பதிவு செய்யுங்கள்.

மேற்கூறிய இரண்டையும் செய்த பிறகும் ஓர் இடத்தில் குறைவும் இன்னோர் இடத்தில் மிகுதியும் நீடிக்குமானால், காரணம் பெரும்பாலும் எதிரொலிப்பு அலைகள்தான், இதையே நான் முதலில் சந்தேகிப்பேன். ஷிஃப்டரின் வாயிலில் சிறிது திரும்பி, ஸ்பிளிட்டரின் வாயிலில் மீண்டும் திரும்பி வரும் அலை, நேரே செல்லும் அலையுடன் கலந்து அதன் அவத்தையை இழுக்கிறது. இரு வாயில்களிலும் திரும்பு இழப்பு (திரும்பும் அலை வந்த அலையைவிட எவ்வளவு குறைவு என்பது) 10 டெசிபெல் மட்டுமே என்றால், திரும்பி வருவது வீச்சத்தில் நேரலையின் பத்திலொரு பங்கு. அது அவத்தையை 5.7 பாகை வரை இருபுறமும் தள்ளக்கூடியது. ஷிஃப்டர் ஒவ்வொரு நிலைக்கும் மாறும்போது அதன் எதிரொலிப்பும் மாறுவதால், இவ்வழுவை ஒரே எண்ணைக் கழித்து நீக்க இயலாது. தீர்வு மலிவானது: ஷிஃப்டரின் உள்வாயிலிலும் வெளிவாயிலிலும் சமிக்ஞையை மாறாத அளவில் குறைக்கும் 6 டெசிபெல் அட்டெனுவேட்டர் தலா ஒன்று. திரும்பும் அலை அதை இருமுறை கடக்க வேண்டியிருப்பதால் 12 டெசிபெல் குன்றி, அந்த 5.7 பாகை ஒன்றரைப் பாகைக்கும் கீழே வந்துவிடும். இழந்த 12 டெசிபெல்லை ஜெனரேட்டரில் ஈடுசெய்யலாம், ஆயினும் ஷிஃப்டரின் உள்வலு எல்லையைப் பார்த்துக்கொண்டு செய்ய வேண்டும். எல்லையை நெருங்கினால் அவத்தை வலுவுக்கேற்பவும் மாறத் தொடங்கும்.

வீச்சம் ஒரு டெசிபெல் ஆடுவது இவ்வகைக் கருவிகளில் வியப்புக்குரியதன்று. ஒன்றுக்கொன்று 90 பாகை விலகிய இரு கூறுகளை வெவ்வேறு அளவில் கூட்டித்தான் பல ஷிஃப்டர்கள் கோணத்தை உருவாக்குகின்றன; அக்கூறுகள் இம்மியும் பிசகாமல் சமனாக இருப்பதில்லை. அதை இன்னொரு நிரல்படுத்தக்கூடிய அட்டெனுவேட்டரால் சரிசெய்யப் போனால், அந்த அட்டெனுவேட்டர் தன் பங்குக்கு அவத்தையை மாற்றும். அட்டவணையாக அளந்து கணக்கில் திருத்துவதே நல்லது.

இவ்வளவு பாடும் எதற்கு என்று மாணவர்கள் கேட்டால் இதைச் சொல்லலாம்: அரை அலைநீள இடைவெளியில், நேர் எதிரே இருக்கும் மூலத்துக்கு 5 பாகை அவத்தை வழு 1.6 பாகைத் திசை வழுவாகும். மூலம் 60 பாகை பக்கவாட்டில் இருக்குமானால் அதே வழு 3.2 பாகையாக இரட்டிக்கும்.

---

கிண்ணியா_பட்டறை எழுதியது:

மேலே கூறியவற்றுடன் உடன்படுகிறேன். ஆனால் ரிசீவரை வைத்தே ஷிஃப்டரைச் சரிபார்ப்பதை நான் ஏற்கமாட்டேன். சோதிக்கப்படும் பொருளே அளவுகோலாகவும் இருந்தால் பிழை யாருடையது என்று எப்போதும் தெரியாது. வீச்சத்தையும் அவத்தையையும் சேர்த்து அளக்கும் வெக்டர் நெட்வேர்க் அனலைசர் ஒன்றில் ஷிஃப்டரைத் தனியாக இணைத்து, 0 நிலையை அடிப்படையாக வைத்து, எஞ்சிய 255 நிலைகளையும் தானியங்கியாக அளந்து ஒரு கோப்பில் சேமியுங்கள். அட்டெனுவேட்டர்களையும் சேர்த்தே அளக்க வேண்டும். இவ்வகையில் மலிவான சிறு கருவியான நானோவிஎன்ஏயில் முதலில் வெளிவந்தது, மேலிசைகளைப் (harmonics) பயன்படுத்தியும் 1.5 கிகாஹேர்ட்ஸ் வரைக்கும்தான் போகும். உங்களுக்கு 3 கிகாஹேர்ட்ஸ் வரை செல்லும் பிந்திய வகை வேண்டும்.

அதுவும் கிடைக்காவிட்டால், இரு சமிக்ஞைகளின் அவத்தை வித்தியாசத்தை வோல்ற்றளவாக மாற்றும் ஏடி8302 சில்லு பொருத்திய சிறு பலகை உதவும். 2.7 கிகாஹேர்ட்ஸ் வரை இயங்கும். அவத்தைக்குப் பாகை ஒன்றுக்கு 10 மில்லிவோல்ற்று என்ற கணக்கில், 0 பாகைக்கு 1.8 வோல்ற்றும் 180 பாகைக்குப் பூச்சியமும் தரும். +60 உம் −60 உம் அதற்கு ஒன்றே என்பது ஒரு குறை. 0, 180 என்ற இரு முனைகளுக்கு அருகில் அது துல்லியத்தை இழப்பது மற்றொரு குறை. ஒரு கிளையில் சிறு கேபிள் துண்டைச் சேர்த்து 90 பாகை அளவுக்கு நகர்த்தி, அளவீட்டை இரண்டாம் முறை எடுத்தால் இரண்டு குறைகளையும் தாண்டலாம்.

காலை, பிற்பகல் வேறுபாட்டுக்கு வெப்பநிலை மாற்றம் காரணமாகலாம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நம் பிரதேசத்து ஆய்வுகூடம் ஒன்று குளிரூட்டியுடனும் குளிரூட்டி இல்லாமலும் எப்படியிருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். ஷிஃப்டருக்கும் ஜெனரேட்டருக்கும் மின் கொடுத்து அரை மணி நேரமாவது விட்டபின் 0 நிலையை எடுங்கள். மின் தடைப்பட்டு மீண்டால் அதைப் புதிதாக எடுங்கள். கேபிள்களை மேசையோடு நாடாவால் ஒட்டிவிடுங்கள், வளைவு மாறினால் அவத்தை மாறும். கடற்காற்றில் கேபிள்களை இணைக்கும் எஸ்எம்ஏ திருகு முனைகள் பச்சை பிடிப்பதும் இங்கே வழமை. பயன்படுத்தாத வாயில்களுக்கு மூடி போடுங்கள். இறுக்குவதற்கு முறுக்குவிசைச் சாவி ஒன்று வாங்க முடிந்தால் வாங்குங்கள். பித்தளை எஸ்எம்ஏக்கு வழக்கமாகக் கொள்ளப்படுவது 0.56 நியூட்டன் மீற்றர். ஒருவர் விரலால் திருகியதும் மற்றவர் குறட்டால் திருகியதும் ஒரே அவத்தையைத் தரா.

---

உவர்மலைவாசி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. வேலை மீடிறன் கட்டளை எமது நிரலில் இல்லவே இல்லை. அதைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். அட்டெனுவேட்டர்கள் கொழும்பிலிருந்து வரவேண்டும். இதற்கிடையில் இன்னொரு கேள்வி: இதே ஷிஃப்டரில் கோணத்தைத் தொடர்ந்து கூட்டிக்கொண்டே போனால் நகரும் பொருளிலிருந்து வரும் டொப்ளர் மாற்றத்தைப் போலச் செய்யலாம் என்கிறார்கள். கணினியிலிருந்து 1 மில்லிசெக்கனுக்கு ஒரு படி வீதம் அனுப்பிப் பார்த்தோம். மீடிறன் கூடும் என்று எதிர்பார்த்தோம், குறைந்தது.

---

அலைநீளம் எழுதியது:

குறைந்தது என்றால், உங்கள் கருவி கோணத்தைப் பின்தங்கலாக எண்ணுகிறது என்று பொருள். எண் கூடக்கூடச் சமிக்ஞை மேலும் மேலும் தாமதமாவதால் மீடிறன் இறங்குகிறது. சில கருவிகள் இவ்வாறும் சில எதிர்மாறாகவும் குறிக்கின்றன. இக்குறி தலைகீழாக இருந்தால் முன்னைய சோதனையில் இடமும் வலமும் மாறியிருக்கும் என்பதால், திசைக் கணிப்பு நிரலிலும் அதைச் சரிபார்த்துவிடுங்கள்.

கணக்கு எளிது. ஒரு செக்கனில் எத்தனை முறை 360 பாகையைச் சுற்றி வருகிறீர்களோ அத்தனை ஹேர்ட்ஸ் மாற்றம். 256 படிகளையும் 1 மில்லிசெக்கன் வீதம் கடந்தால் ஒரு சுற்றுக்கு 0.256 செக்கன், மாற்றம் 3.9 ஹேர்ட்ஸ். 2.4 கிகாஹேர்ட்ஸ் ரேடாரில் அது செக்கனுக்கு ஏறத்தாழ 24 சென்ரிமீற்றர் வேகத்தில் நகரும் பொருளுக்குச் சமம். ஆமை வேகத்தைவிடச் சற்றே மேல். 100 ஹேர்ட்ஸ் வேண்டுமானால் அதே படிக்காலத்தில் ஒரு சுற்றுக்கு 10 படிகளே போட முடியும், அதாவது 36 பாகைத் தாவல்கள். அப்போது ஸ்பெக்ட்ரத்தில் (மீடிறன் வாரியான வரைபில்) வேண்டிய கோட்டுடன் வேண்டாத கோடுகளும் தோன்றும். ஒரு சுற்றில் எத்தனை படிகளோ அதில் ஒன்றைக் கழித்து வரும் எண்ணே மிகப் பெரிய வேண்டாத கோட்டின் விகிதத்தைத் தரும்: 10 படிகளுக்கு ஒன்பதில் ஒரு பங்கு, அதாவது 19 டெசிபெல் கீழே, அதுவும் எதிர்ப்பக்கத்தில் 900 ஹேர்ட்ஸ் தள்ளி. 256 படிகளுக்கு அது 48 டெசிபெல் கீழே போய்விடும்.

கணினியிலிருந்து ஒவ்வொரு படியாக யூஎஸ்பி ஊடாக அனுப்புவதைக் கைவிடுங்கள். சாதாரண இயங்குதளம் 1 மில்லிசெக்கன் இடைவெளியைச் சீராகக் காத்துத் தராது. ஒரு படி இரண்டு மில்லிசெக்கனும் அடுத்தது அரை மில்லிசெக்கனுமாகப் போனால் கோடு கலங்கித் தடித்துவிடும். கருவியிலேயே தொடக்கக் கோணம், முடிவுக் கோணம், படி, படிக்காலம் ஆகியவற்றைப் பதிந்து, அது தானே மீண்டும் மீண்டும் ஓடும் ஏற்பாடு இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். முடிவுக் கோணமாக 360 ஐக் கொடுக்காதீர்கள். 360 உம் 0 உம் ஒரே நிலை ஆகையால் ஒவ்வொரு சுற்றிலும் அங்கே ஒரு படி இரட்டிப்பாக நின்றுவிடும். 358.59 இல் நிறுத்தி 0 இற்குத் தாவ விடுங்கள்.

ஸ்பெக்ட்ரம் அனலைசரில் பார்க்கும்போது வேண்டிய கோட்டைவிட, 2.4 கிகாஹேர்ட்ஸ் இருந்த இடத்தில் எஞ்சியிருக்கும் கோட்டையே முதலில் கவனியுங்கள். 3.9 ஹேர்ட்ஸில் இரண்டும் ஒட்டிக் கிடக்கும், பல அனலைசர்கள் பிரித்துக் காட்டா. இதற்கு மட்டும் வேகத்தைக் கூட்டிப் பாருங்கள், அல்லது ரிசீவரின் வெளியீட்டை நீண்ட நேரம் பதிந்து ஃபூரியர் உருமாற்றம் செய்யுங்கள். எஞ்சிய கோடு உயரமாக இருந்தால் கருவிக்குள் அந்த இரு கூறுகள் பூச்சியத்தைச் சுற்றிச் சமச்சீராக மாறவில்லை, அல்லது ஷிஃப்டரைச் சுற்றிக்கொண்டு சமிக்ஞை கசிகிறது. ஷிஃப்டருக்குச் செல்லும் கேபிளைக் கழற்றி, கழன்ற இரு முனைகளிலும் அலையை உறிஞ்சும் 50 ஓம் முடிவிகளைப் போட்ட பின்னும் கோடு தெரிந்தால், அது கசிவுதான்.