உதவி: பாய் விரித்தால் கயாக்கின் பக்கமிதவை முங்குகிறது

துடுப்பன்:
வணக்கம். கயாக்குக்கு (துடுப்பு போடும் ஒடுங்கிய சிறு படகு) இரண்டு பக்கமும் பிவிசி குழாயில் மிதவை செய்து, குறுக்கே அலுமினியக் கழி போட்டுப் பாய் கட்டியிருக்கிறேன். துடுப்பு போடும்போது ஒரு பிரச்சினையும் இல்லை. பாயை விரித்துக் காற்று பிடித்ததும் மிதவை மூக்கைத் தண்ணீருக்குள் விட்டு அப்படியே முங்கிவிடுகிறது, கயாக்கும் அந்தப் பக்கமே திரும்புகிறது, சுக்கானை எவ்வளவு திருப்பினாலும் நேராவதில்லை. நேற்று கவிழப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை மறுபடி இறக்க வேண்டும். சீக்கிரம் சொல்லுங்கள்.

அலையோடு:
குழாயின் விட்டம்? நீளம்? பாய் எத்தனை சதுர மீட்டர்? மிதவை நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது? இதெல்லாம் இல்லாமல் எப்படிச் சொல்வது?

கழிமன்னன்:
எனக்கு மிதவை மேல் சந்தேகமே இல்லை, கழிதான் வளைகிறது. காற்று அழுத்தும்போது கழி மேல்நோக்கி வளைந்தால் மிதவை தன் வேலையைச் செய்யாது, முறுக்கினால் மூக்கும் கீழே போகும். கரையில் ஒருவரை மிதவை மேல் கையூன்றி அழுத்தச் சொல்லிவிட்டுக் கழியைப் பாருங்கள். கழி 25 மி.மீ. குழாய் என்றால் உடனே மாற்றுங்கள்.

பழையபாய்:
இந்தக் கேள்வி மாதம் ஒருமுறை வருகிறது. முதலில் பழைய இழைகளைப் படித்துவிட்டு வந்தால் எங்களுக்கும் நேரம் மிச்சம். கணக்குப் போடாமல் குழாயை வெட்டுகிறவர்களுக்கு இப்படித்தான் நடக்கும்.

துடுப்பன்:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். 110 மி.மீ. குழாய், ஒன்றரை மீட்டர் நீளம், நடுவிலிருந்து 90 செ.மீ. தள்ளி. பாய் 3 ச.மீ.

அலையோடு:
சரி, கணக்கைப் பார்ப்போம். அந்தக் குழாயின் கொள்ளளவு சுமார் 14 லிட்டர். சொந்த எடை போக 12 கிலோ தூக்கும், 90 செ.மீ. தூரத்தில் அது கவிழாமல் தடுக்கும் திருப்புவிசை 11 (கிலோவை மீட்டரால் பெருக்கியது). நொடிக்கு 6 மீட்டர் காற்றில் உங்கள் பாயில் ஏறத்தாழ 8 கிலோ விசை விழும், அது நீர்மட்டத்துக்கு ஒன்றரை மீட்டர் மேலே அழுத்தினால் கவிழ்க்கும் திருப்புவிசை 12. அதாவது மிதமான காற்றிலேயே மிதவை முழுதாக முங்க வேண்டும். எதிர்ப்பக்கம் சாய்ந்து உட்கார்ந்து கொஞ்சம் சமாளிக்கலாம், ஆனால் காற்று இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். 160 மி.மீ. குழாய், 2 மீட்டர் நீளம் என்றால் 40 லிட்டர் கிடைக்கும். மூக்கைக் கூம்பாக்கி மேல்நோக்கிச் சற்றுத் தூக்குங்கள்.

கழிமன்னன்:
அவ்வளவு பெரிய மிதவை போட்டால் கழிக்கு வரும் பாரமும் கூடும். நான் சொன்னது அதுதான்.

நடுக்கடல்:
எதற்கு இரண்டு மிதவை? மைக்ரோனேசியாவில் ஒரே மிதவைதான், அதையும் எப்போதும் காற்று வரும் பக்கமே வைத்துக்கொள்கிறார்கள். அங்கே மிதவை முங்காது, அதன் எடைதான் படகைக் கவிழாமல் பிடிக்கிறது. திசை மாற்றும்போது படகைத் திருப்புவதில்லை, பாயை ஒரு முனையிலிருந்து மறு முனைக்குக் கொண்டுபோகிறார்கள். அழகான கட்டமரான்!

பழையபாய்:
அது கட்டமரான் இல்லை, புரோவா. கட்டமரான் என்றால் சமமான இரண்டு உடல்கள்.

நடுக்கடல்:
அந்தச் சொல்லே நம் கட்டுமரம்தானே. கட்டுமரத்தில் இரண்டு உடலா இருக்கிறது? மரங்களைச் சேர்த்துக் கட்டிய தெப்பம் அது, இடையில் வெற்றிடமே கிடையாது. ஆங்கிலத்தில் போய்ப் பொருள் மாறிய பிறகு, நாமே அந்தப் புதுப் பொருளை வைத்து நம்மைத் திருத்திக்கொள்கிறோம். மூன்று உடல் கொண்ட டிரைமரானில் உள்ள மரானும் நம் மரம்தான்.

பழையபாய்:
வேர் எதுவாக இருந்தாலும் இன்றைக்குப் படகு கட்டுகிறவர்கள் எந்தப் பொருளில் சொல்கிறார்களோ அதுதான் கணக்கு. குழப்பிக்கொண்டு வரைபடம் போட்டால் தப்பாகத்தான் வரும்.

ஈரக்கை:
கேட்டவரை விட்டுவிட்டீர்களே. துடுப்பன், ஒரே ஒரு கேள்வி. இரண்டு பக்கமும் முங்குகிறதா, ஒரு பக்கம் மட்டுமா?

துடுப்பன்:
வலப்பக்கம் மட்டும்தான். இடப்பக்கம் பாதி முங்கும், அப்புறம் எழுந்துவிடும்.

ஈரக்கை:
அப்படியானால் முதலில் வலது மிதவையைக் கழற்றிக் காதோரம் வைத்து ஆட்டிப் பாருங்கள். வெயிலில் கிடந்த குழாய்க்குள் காற்று சூடாகி விரியும், மூடியில் மயிரிழை ஓட்டை இருந்தால் வெளியேறிவிடும். குளிர்ந்த தண்ணீரில் இறக்கியதும் உள்ளே இருப்பது சுருங்கி, அதே ஓட்டை வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். என் முதல் மிதவையை இப்படித்தான் இழந்தேன். ஒட்டிய பிறகும் நம்ப வேண்டாம், உள்ளே மூடிய காலி பாட்டில்களை அடுக்குங்கள். மிதவைச் சட்டை இல்லாமல் இறங்காதீர்கள்.

துடுப்பன்:
ஆட்டினேன், சளசளவென்று கேட்டது. பின்மூடியைக் கழற்றிச் சாய்த்தால் மூன்று லிட்டருக்கு மேல் கொட்டியது, பசை ஒரு பக்கம் பிடிக்கவே இல்லை. ஈரக்கை, அலையோடு, இருவருக்கும் நன்றி. 160-க்கு மாற்றப் போகிறேன்.

கழிமன்னன்:
கழி என்ன அளவு என்று கடைசி வரை சொல்லவில்லையே?

அலையோடு:
ஆமாம், 160 போட்டால் அது முக்கியம். ஞாயிறு இறக்கினீர்களா?